வெள்ளைக் கோட்டில் நின்றவள்

மெயின் ரோட்டுக்கு வடக்கே இருக்கிறவர்கள் நகரும்போது தெற்கே இருக்கிறவர்கள் அசையாமல் நிற்க வேண்டும், தெற்கே இருக்கிறவர்கள் நகரும்போது வடக்கே இருக்கிறவர்கள் நிற்க வேண்டும் என்று ஆகிப்போன அந்த வருஷம், எங்கள் கரிசல்மேட்டில் வேப்பமரங்கள் வழக்கம்போலப் பூத்தன, கரண்ட் வழக்கம்போலப் போய்ப்போய் வந்தது, குறித்த கல்யாணங்கள் குறித்த தேதியில் நடந்தன. முதல் நாள் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றுவிட, டீ நிற்காமல் தரையில் கொட்டியது. காதுக்குள் அடைப்பு எடுபடுவதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டால் நம் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் நடக்கலாம், கையில் ஒரு வேலை செய்யலாம், பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளலாம், பிறகு மறுபடி நிற்க வேண்டும். நிற்கும்போது கண் தெரியும், காது கேட்கும், மூக்கில் ஈ உட்கார்ந்தால் அதுவும் தெரியும்.

பத்து நாளில் ஊர் பழகிவிட்டது. முறை முடியப்போகிற நேரத்தில் டீயை ஆற்றக்கூடாது என்று டீ மாஸ்டர்கள் கற்றுக்கொண்டார்கள், சுடுசோறை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போடுகிற பெண்கள், ஒருத்தி திட்டி முடிக்கும்வரை இன்னொருத்தி வாயைத் திறக்க முடியாமல் முழுதாகக் கேட்க வேண்டியிருந்ததால், சண்டையை முன்னைவிட நன்றாகப் போட்டார்கள். யாருடைய முறை முதலில் என்று எப்படி முடிவானது என்பதை யாரும் கேட்கவில்லை. வடக்கூருக்குத்தான் முதலில் என்பது இதற்கெல்லாம் முன்பிருந்தே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

காரணத்தை ரொம்ப நாள் தேடியவர்களும் இல்லை. மூடிக்கிடந்த ரைஸ்மில்லில் சாயங்காலங்களில் கூடுகிற வேலையில்லாப் பட்டதாரிகள் மட்டும் இது தங்கள் ஆட்டத்தின் விதிதான் என்று பார்த்த உடனே கண்டுகொண்டார்கள். அவர்கள் அங்கே இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்டு மேஜையாக்கி, தெர்மகோலில் மலை செய்து, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளை ஒட்டிப் புல்லாக்கி, விரல் உயரப் பொம்மைகளை நிறுத்தி, தையல் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் விளையாடுகிறவர்கள். வெளிநாட்டுப் பொம்மைகள் கைக்கு எட்டாததால் வடக்கூர் மெர்வின் கோயில் கொடைக் கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் சிப்பாய்களை பிளேடால் இடுப்பில் அறுத்து, ஒன்றின் தலையை இன்னொன்றுக்கு வைத்து, ஓட்டை அடைக்கிற எம்சீல் பூசி, ஊதுபத்திக் குச்சியை ஈட்டியாக்கித் தருவான். அவன் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலின் இடையர்கள் எல்லோரும் வில்லாளிகளாகிவிட்டார்கள். ஒட்டகங்கள் பீரங்கி இழுத்தன. இந்த வேலைக்கு அவர்கள் கன்வர்ஷன் என்று சொல்வார்கள்.

ஆனால் ஒரு போரைக்கூட அவர்கள் முடித்ததில்லை. விதிப் புத்தகம் செங்கல் கனம் இருந்தது. அதற்குத் திருத்தம் ஒன்று, திருத்தத்துக்குத் திருத்தம் ஒன்று, பிறகு இரண்டு இணைப்புகள். குட்டைச் சுவருக்குப் பின்னால் நிற்கிறவனின் தொப்பி தெரிந்தால் அவன் தெரிகிறானா, தொப்பி மெர்வின் ஒட்டியது என்றால் தெரிகிறானா என்று பேசிப் பேசியே விளக்கேற்றும் நேரமாகிவிடும். "ஏல, நம்ம ஆளுவ குண்டடி பட்டுச் சாவல, விதி கேட்டே சாவுதானுவ" என்பான் மெர்வின்.

புத்தகத்தை முழுதாகப் படித்தவன் தெக்கூர் மகாராஜன் ஒருவன்தான். பீடி சுற்றுகிற சொர்ணத்தின் மகன், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. விண்ணப்பத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதையும் விடாமல் படித்து, எழுதியிருக்கிறபடி நடந்ததால்தான் இதுவரை வந்திருக்கிறோம், ஒரு வரியைத் தப்பாகப் படித்தால் பழைய இடத்திலேயே போய் விழுவோம் என்ற பயம் அவனுக்கு எப்போதும் உண்டு. அதனால் ஆட்டத்தில் அவன் பொம்மை நகர்த்துவதைவிட விதி சொல்வதே அதிகம். அவன் தனக்குச் சாதகமாக ஒருநாளும் விதி சொன்னதில்லை என்பதால் மற்றவர்கள் அவனையே நடுவராக்கியிருந்தார்கள்.

ஊரும் அவனை நடுவராக்கியது ஒரு ஆட்டினால்தான். தெக்கூர் முளையில் கட்டியிருந்த ஆடு ஒன்று கயிறு நீண்ட மட்டும் போய் வடக்கூர்ப் பக்கம் மேய, அது எந்த முறையிலும் நகராமல் கழுத்தை நீட்டியபடி நின்றுவிட்டது. மகாராஜனைக் கூட்டிவந்து கேட்டார்கள். அவன் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "கயிறு எங்க கெட்டிருக்குன்னு கணக்கில்ல. கால் எந்தப் பக்கம் பாதிக்கு மேல இருக்கோ அந்தப் பக்கம்" என்றான். அடுத்த வடக்கூர் முறை வந்ததுமே ஆடு கயிற்றை அறுத்து, காதை உதறிக்கொண்டு வடக்கூர்க்காரர்களோடு நடந்துபோனது. அன்றிலிருந்து அவன் சொன்னால் அது நடக்கும் என்று ஊர் தெரிந்துகொண்டது. "படிச்ச பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்று வடக்கூர் வியாபாரிகள் சங்கத் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொர்ணம் பீடி இலை பரப்பிய சுளவுமுறத்தை மடியில் வைத்துக்கொண்டு அதை அடுத்த வீட்டுக்காரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மகாராஜனின் தங்கை, நர்ஸ் படிப்பு முடித்த முப்புடாதிக்கு, திருநெல்வேலியில் வேலைக்குச் சேரச் சொல்லி உத்தரவு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அண்ணனுக்குப் படிப்பு வந்து வேலை வராத வீட்டில், முதல் சம்பளம் அவளுடையதாக இருக்கப்போகிறது என்று தெரு முழுக்கத் தெரியும். புதிதாக வாங்கிய வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, தோளில் பையோடு, கம்பத்துக்குக் கம்பம் நின்று நின்று அவள் ரோட்டுக்கு வந்தாள். பஸ் நிற்பது வடக்கூர்ப் பக்கம். கோட்டைத் தாண்டுகிறவர்கள் ரோட்டோரத்தில் நின்று, அடுத்த முறைக்குக் காத்திருந்து, ஒரே மூச்சில் தாண்டுவதுதான் பழக்கம். அவளும் அப்படித்தான் நின்றிருப்பாள். பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அவள் எட்டு வைத்தாள். ரோட்டு நடுவில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஷூவும் இந்தப் பக்கம் ஒரு ஷூவுமாக இருக்கும்போது முறை முடிந்தது.

வடக்கூர் நகர்ந்தது, அவள் நகரவில்லை. தெக்கூர் நகர்ந்தது, அவள் நகரவில்லை. பஸ் போய்விட்டது.

மகாராஜன் தையல் டேப்போடு ஓடிவந்து, முறை முடிந்து, பாதி வழியில் நின்று, அடுத்த முறையில் வந்து சேர்ந்தான். ரோட்டில் முழங்கால் போட்டு அளந்தான். கோட்டின் நடுவிலிருந்து வடக்கு ஷூவின் வெளி விளிம்பு, தெற்கு ஷூவின் வெளி விளிம்பு. மறுபடி அளந்தான். இரண்டு பக்கமும் ஊர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னல, எவ்வளவு?" என்றான் தெக்கூர்ப் பக்கம் வந்து நின்ற மெர்வின்.

"சரிபாதி."

"சரிபாதியா இருக்காதுல. மனுசக் கால் என்னைக்கு சரிபாதியா நின்னிருக்கு? தெக்க ஒரு நூல் கூட இருக்குன்னு சொல்லு, முடிஞ்சுபோச்சு." ஒரு நூல் என்பது கொத்தனார் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒன்று.

"டேப்ல இல்லியே மெர்வின்."

"டேப்பத் தூக்கி ஓடைல போடுல!"

மகாராஜன் டேப்பை மறுபடியும் விரித்துப் பார்த்தான். சரிபாதிதான். அதை அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான், ஏனென்றால் இவ்வளவு பெரிய புத்தகத்தில் சரிபாதிக்கு ஒரு வழி இல்லாமலா போகும் என்று அவன் நம்பினான்.

வழி இருந்தது. சரிபாதி என்றால் இரண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொள்ளலாம். ஒத்துவரவில்லை என்றால் பகடை உருட்டலாம். அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார்கள். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். "நம்ம பிள்ளைதானப்பா, எனக்கு என்ன வந்துச்சு? ஆனா இன்னைக்கு இதுக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காலைக் கோட்டுல வச்சிட்டு வந்து நிப்பான். புஸ்தகத்துல என்ன இருக்கோ அப்படியே செஞ்சிருவோம். அதான் ரெண்டு பேருக்கும் மரியாதை" என்றார். பகடையைப் பற்றிப் புத்தகம் சொன்னது இது: அந்தப் பொம்மை எந்தப் பக்கத்துக்குச் சொந்தமோ அந்தப் பக்கத்துக்காரர்தான் அதை உருட்ட வேண்டும். எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கே. மகாராஜன் முதல் திருத்தத்தைப் பார்த்தான், அது இணைப்பைப் பார்க்கச் சொன்னது, இணைப்பு இரண்டாம் திருத்தத்தைப் பார்க்கச் சொன்னது, இரண்டாம் திருத்தம், இது குறித்து முதல் திருத்தத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது என்றது.

அதற்குள் இன்னொரு விதி தானாகவே வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வழக்கு ஒன்று தீராமல் இருக்கும்போது வெளியிலிருந்து எதுவும் களத்துக்குள் வரக்கூடாது. ஊரின் இரண்டு எல்லையிலும் லாரிகள் நின்றன. ரேஷன் அரிசி, பால்வண்டி, சர்க்கரைக்காரர்களின் ஊசிமருந்து, பீடி இலை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றன, கிளீனர்கள் லாரிக்கு அடியில் படுத்துச் சீட்டு விளையாடினார்கள். பஸ் வருவதும் நின்றது. அப்போதும் ஊர் முப்புடாதியை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. தலைக்கு மேல் நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள், தெக்கூர்ப் பெண்கள் முறை வைத்து அவள் முகத்தைத் துடைத்து உதட்டில் மோர் நனைத்தார்கள், வடக்கூர்ப் பெண்கள் அவள் சடையை அவிழ்த்துப் பேன் பார்த்துப் பின்னிவிட்டார்கள். அவள் கண் மட்டும் பஸ் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் முடிந்தது.

"வேலை போனாப் போவுது, பிள்ளை வரட்டும்" என்றாள் சொர்ணம். "எய்யா, நீ படிச்சுப் பாருய்யா. எங்ஙனயாவது எழுதியிருப்பான்."

மெர்வின்தான் ஒரு நாள் மத்தியானம் ஒரு கடப்பாக் கல் துண்டோடும் எம்சீலோடும் தெக்கூர்ப் பக்கமாக வந்தான். அவன் விதி எதையும் படித்தவன் இல்லை. கல்லை முப்புடாதியின் தெற்கு ஷூவை ஒட்டித் தரையில் வைத்து, ஷூவுக்கும் கல்லுக்கும் நடுவே எம்சீலைப் பிசைந்து அடைத்து, எச்சில் தொட்டு விளிம்பை நீவினான். பொம்மைக்கு அடித்தட்டை அகலமாக்குகிற அதே வேலை. "இப்ப அளல. அடித்தட்டுல பாதிக்கு மேல தெக்க இருக்கா இல்லியா?"

தெக்கூரின் அடுத்த முறைக்கு எல்லோரும் காத்து நின்றார்கள். வந்தது. முப்புடாதியின் தோளிலிருந்து பையின் வார் ஒரு விரற்கடை சரிந்தது. அதைப் பிடிக்க அவள் கையின் சுண்டுவிரல் மடங்கியது. பெண்கள் குலவை போட வாயெடுத்தார்கள்.

"ஆனா," என்றான் மகாராஜன்.

அவன் நினைத்துச் சொல்லவில்லை. ரைஸ்மில்லில் எத்தனையோ சாயங்காலம் மெர்வின் புதுப் பொம்மையை மேஜையில் வைத்தவுடன் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. "ஆனா, கன்வர்ஷன்லாம் ஆட்டம் ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டதா இருக்கணும்லா."

சுண்டுவிரல் மடங்கியபடியே நின்றது. வார் சரிந்தபடியே நின்றது.

மெர்வின் எழுந்து கையிலிருந்த எம்சீலைப் பேண்டில் துடைத்தான். "நல்லா இருப்படே நீ" என்று சொல்லிவிட்டு வடக்கே போனான். மகாராஜன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான், பிறகு தெக்கூரின் முறை முடிந்துவிட்டதால் பொத்திய கையோடு வெகுநேரம் நின்றான்.

ஊசிமருந்து இல்லாமல் தெக்கூரில் ஒரு கிழவர் மயங்கி விழுந்த மறுநாள் ஊர் கூடியது. ரோட்டுக்கு வடக்கே வடக்கூரும் தெற்கே தெக்கூரும் நடுவில் முப்புடாதியும். அண்ணாச்சி தன் முறையில் எழுந்து, கைகூப்பி, அவருக்கே உரிய மெல்லிய குரலில் கேட்டார்: "தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. ரெண்டு பக்கத்துக்கும் சேராம களத்துல நிக்கதுக்குப் புஸ்தகத்துல என்ன பேரு?"

கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஆனால் வடக்கூரின் முறை முடியவில்லை. அங்கே ஆட்கள் தண்ணீர் குடித்தார்கள், வெற்றிலை மடித்தார்கள், எல்லையில் நிற்கிற லாரிகளை எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு நேரமும் மகாராஜன் வாயைத் திறக்க முடியாமல் அந்தக் கேள்வியோடு நின்றான். பதில் அவனுக்கு முதல் நாளே தெரியும். இரண்டாம் இணைப்பில் இருந்தது, எந்தச் சுற்றும் இல்லாமல் ஒரே வரியில், அந்தப் புத்தகத்திலேயே யாருக்கும் சந்தேகம் வராத ஒரே வரி. அப்படி எதுவும் எழுதவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நடக்கும். ஆனால் ஒரு பொய்யை ஏற்றுக்கொண்ட புத்தகம் அதற்கப்புறம் எந்த உண்மைக்கும் வேலை செய்யாமல் போனால், அவளை விடுவிக்கிற வரி எங்கேயோ இன்னும் தான் சரியாகப் படிக்காத பக்கத்தில் இருந்து, அதுவும் செத்துப்போனால்? அவனுக்கு எதிரே தங்கையின் முகம் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காதடைப்பு விட்டது. தெக்கூரின் முறை. பின்னாலிருந்து அம்மாதான் சொன்னாள்: "சொல்லுய்யா. என்ன எழுதியிருக்குன்னு சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்." எழுத்துக் கூட்டத் தெரியாத சொர்ணத்துக்கு, மகன் இத்தனை வருஷம் குனிந்து படித்த ஒன்று தன் மகளுக்குக் கெடுதலாக எதையும் எழுதி வைத்திருக்காது என்று உறுதியாகத் தெரியும்.

"நிலப்பகுதி" என்றான் மகாராஜன்.

"என்ன?"

"ரெண்டு பக்கத்துக்கும் சேராதது நிலப்பகுதி. மலை, மரம், சுவரு... அந்தக் கணக்கு."

எல்லையில் முதல் லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

அரிசி வந்தது, மருந்து வந்தது, அந்தக் கிழவர் பிழைத்துக்கொண்டார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தார்ப்பாயைக் காற்று கிழித்த பிறகு புதிதாகக் கட்டவில்லை, மரத்துக்கு யாரும் கூரை போடுவதில்லை என்பதால். நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து அவளைச் சுற்றி ஒரு சின்னத் திட்டு கட்டி மஞ்சளும் கறுப்பும் அடித்தார்கள். மத்தியான வெயிலில் தெரு நாய் ஒன்று அவள் நிழலில் படுக்கப் பழகியது. கண்டக்டர்கள் "நர்ஸம்மா ஸ்டாப், நர்ஸம்மா ஸ்டாப்" என்று விசிலடித்து இறக்கிவிட்டார்கள். மழைக்குப் பிறகு வெள்ளை ஷூக்களைச் சுற்றிப் பச்சையாக ஏதோ படர்ந்தது. மெர்வின் குனிந்து அதைக் கிள்ளிப் பார்த்தான். சாயம் விரலில் ஒட்டியது, மரத்தூள் மணம் அடித்தது. சொர்ணம் காலையில் வந்து அவள் மடங்கிய சுண்டுவிரலை நீவிவிட்டுப் போவாள். மகாராஜன் தன் முறைகளையெல்லாம் சேர்த்து வைத்து, கம்பத்துக்குக் கம்பம் நின்று அவளிடம் வந்து, முகத்தில் படிந்த தூசியைத் துடைப்பதிலேயே செலவழித்தான். அவள் கண் மூடுவதில்லை. பஸ் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு தை மாதத்தில் ஒரு காலை, வந்த மாதிரியே அது போய்விட்டது. காதடைப்பு விட்டது, மறுபடி அடைக்கவில்லை. வடக்கூரும் தெக்கூரும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. பழக்கம் விட்டுப்போனதால் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு சிரித்தார்கள். பெண்கள் ஒரே நேரத்தில் கத்திச் சண்டை போட்டார்கள், யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

மகாராஜன் ஓடினான். நிற்காமல் ஓடி வந்து, திட்டின்மேல் ஏறி, அவள் கையைப் பிடித்து இழுத்தான். மரம் நகருமா? முறை வைத்து நகர்கிறவர்களை விடுவித்துவிட்டு ஆட்டம் போயிருந்தது. முறையே இல்லாததை அது அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தான். முழங்கால் போட்டுக் கோட்டின் நடுவில் வைத்து, அந்தப் பச்சையை விலக்கி, ஷூவின் விளிம்புவரை நீட்டினான். பிறகு எண்ணைப் பார்க்காமலே, "தெக்க ஒரு நூல் கூட இருக்கு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். அவள் அசையவில்லை. "ரெண்டு நூல் கூட இருக்கு! கல்லு செல்லும்! கன்வர்ஷன் செல்லும்! இது மனுசி, நிலப்பகுதி இல்ல!" அவன் வாழ்க்கையில் சொன்ன முதல் தப்பான அளவு அது. கேட்டு நடப்பதற்கு ஆட்டம் இல்லை.

ஜனங்கள் அவனைச் சுற்றிக் கூடினார்கள். "ஆமாய்யா, தெக்கதான் கூட இருக்கு" என்றார் டீ மாஸ்டர். "நானே அன்னைக்கே பாத்தேன்" என்றார் இன்னொருவர். சைக்கிளில் போனவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். கடை திறக்கப் போய்க்கொண்டிருந்த தங்கப்பழம் அண்ணாச்சியும் நின்று, கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்து, "நல்லாத் தெரியுதே தம்பி, நம்ம பக்கம் கம்மியாத்தான் இருக்கு. நான் ஒத்துக்கிடுதேன்" என்றார். அவன் தோளைத் தட்டினார். பிறகு இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்து, முப்புடாதியைச் சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.